முதலாளி தேதி

ஜூன் மாதம் வந்தால் நம் வயதுக்காரர்களுக்குத் திடீரென்று ஒரு மரியாதை வந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிள்ளையைக் கூட்டிவந்து நம் எதிரே நிறுத்துகிறார்கள். காலேஜா, பாலிடெக்னிக்கா, இல்லை பேசாமல் ஏதாவது வேலையில் சேர்த்துவிடலாமா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிறார்கள். நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் முழுக்க இதே பேச்சுதான். ஒருத்தி இன்ஜினியரிங் என்றாள். இன்னொருத்தி அதெல்லாம் வேஸ்ட், கையில் ஒரு தொழில் இருந்தால் போதும் என்றாள். நான் மட்டும், "அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி என்றைக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி போட்டேன். எல்லோரும் சிரிக்கிற பொம்மையை அனுப்பினீர்கள்.

சிரியுங்கள். ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் சும்மா வந்ததில்லை. அது எப்படி வந்தது என்று உங்களில் ஒருத்திக்குத் தெரியும். அவளுக்கும் முக்கால்வாசிதான் தெரியும்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஆரணியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். நைனா பட்டு நெய்தார், அம்மா நூல் சுற்றினாள், நான் பாவு பிணைத்தேன். தறி இல்லாத தெருக்களிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடியும்போது அதை அடியோடு எடுத்துவிட மாட்டார்கள். சீப்பு மாதிரி இருக்கிற அச்சில் கோர்த்த இழைகளின் வாலை ஒரு முழம் விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வொரு இழையையும் பழைய வாலோடு சேர்த்து, விரலில் திருநீறு தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, அச்சில் மாட்டிக்கொள்ளும். ஐயாயிரம் இழைக்குக் குறையாது. ஆக, எங்கள் வீட்டுத் தறி காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு பாவின் வாலில் அடுத்த பாவின் தலை எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பத்து வயதில் விளையாட்டாக ஆரம்பித்தது. பதினாறு வயதில் எங்கள் தெருவில் என்னைவிட வேகமாகப் பிணைக்க ஆள் இல்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், அடக்கம் எல்லாம் எனக்கு வராது. நனைத்த பட்டுக்கு லேசான மீன் வாடை உண்டு. கஞ்சி வாடையும் சேர்ந்து அது என் பாவாடை, புத்தகம், தலைமுடி எல்லாவற்றிலும் இருக்கும். திருநீறு வைத்துக்கொள்ள ஒரு பழைய பவுடர் டப்பாவின் மூடி வைத்திருந்தேன். ரோஜா நிறம், ஓரம் நசுங்கியது. அந்த மூடி எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. எதையெல்லாமோ பத்திரமாக வைத்திருக்கிறேன், அதைத் தொலைத்துவிட்டேன்.

"நீ பிணைச்ச பாவு ஒரு இழை அறாதுடி. உன் கைக்கு வளையல் போடக் கூடாது, காப்பு போட்டுப் பூட்டி வெக்கணும்" என்பாள் பக்கத்து வீட்டு அத்தை. பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கும் அப்போது பாராட்டாகத்தான் கேட்டது.

பிணைப்பதில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு பாவுக்கு ஒரே கை. ஆளுக்கு ஆள் முறுக்கு மாறும். பாதியில் கை மாறினால் அந்த இடத்திலிருந்து இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள். அதனால் ஆரம்பித்தவள்தான் முடிக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும் சரி, வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் சரி. இரண்டு நாள் ஆகும். தறிக்குப் பின்னால், பாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற சந்து. உட்கார்ந்துவிட்டால் இடது பக்கம் சுவர், வலது பக்கம் பாவு, எதிரே ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலில் பஸ்ஸின் மேல்பாதி மட்டும் தெரியும். போளூர் பஸ்ஸா, வேலூர் பஸ்ஸா என்று ஹாரனை வைத்தே சொல்லிவிடுவேன்.

இனி முதலாளியின் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால் எங்கள் நைனாவைத் திட்டிவிடுவீர்கள்.

நைனாவுக்குப் பாவு கொடுக்கிற முதலாளி மாதத்துக்கு இரண்டு முறை தன் மொபெட்டில் வருவார். இறங்க மாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே பேசுவார்.

"இன்னாப்பா, பொண்ணு வூட்டுக்காரங்க ஒரே பேஜார் பண்ணிகினு கீறாங்க. பத்தாந்தேதி முகூர்த்தம். எட்டாந்தேதி சேலை என் கைல இருக்கணும், ஆமா."

"ஆவட்டும்ங்க" என்பார் நைனா.

மொபெட் தெருமுனை திரும்பியதும் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொல்வார்: "பதினாறுன்னு வெச்சிக்கோ."

பதினாறாம் தேதிதான் சேலை முடியும். முதலாளியும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு போவார். ஏனென்றால் உண்மையான முகூர்த்தம் பதினெட்டாம் தேதி. நெய்கிறவன் எட்டு நாள் தள்ளுவான் என்று முதலாளிக்குத் தெரியும், அதனால் எட்டு நாள் முன்னால் சொல்வார். முதலாளி முன்னால் சொல்வார் என்று நைனாவுக்குத் தெரியும், அதனால் எட்டு நாள் தள்ளுவார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. வெளியிலிருந்து எந்தத் தேதி வந்தாலும் மேலே எட்டு நாள் இருக்கும். "அது முதலாளி தேதி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம்.

தையல்காரர் சொன்ன தேதி, ரேஷன் கடைத் தேதி, எல்லாமே எங்களுக்கு முதலாளி தேதிதான். பத்தாம் வகுப்பில் கணக்குக்கு எனக்குப் பரிசு கொடுத்தார்களே, ஆண்டு விழா, ஞாபகம் இருக்கிறதா? ஐந்து மணி என்று கார்டில் போட்டிருந்தது. நைனா ஆறரைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பந்தல்காரர்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். "அஞ்சுன்னா ஆறரைக்கு ஆரம்பிப்பாங்கன்னு நெனச்சேன்மா" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. நானும் அந்த வீட்டுப் பெண்தானே, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. கணக்கு டீச்சர் எனக்கும் படவேட்டுப் பக்கத்திலிருந்து வந்த நம் சிநேகிதிக்கும் சேர்த்து இரண்டு அப்ளிகேஷன் வாங்கிவந்து, தன் பேனாவாலேயே நிரப்பி, வேலூரில் ஒரு கல்லூரிக்கு அனுப்பினார். பி.எஸ்சி. கணிதம், ஹாஸ்டல் வசதியுடன். எங்கள் குடும்பத்தில் அதுவரை காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. சிநேகிதியின் குடும்பத்திலும் இல்லை. அவள் அப்பாவும் அம்மாவும் மற்றவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை எடுக்கிறவர்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஒரு புதன்கிழமையின் தேதியைப் போட்டு, அன்றைக்குள் நேரில் வந்து சேர வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் நைனாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், பிறகு சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அன்று சாயங்காலமே பஜாருக்குப் போய் ஒரு ரெக்சின் பை வாங்கிவந்தார். மெரூன் நிறம், இரண்டு ஜிப். புதுசுக்கு ஒரு மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அதைத் தறிக்கு மேலே ஆணியில் மாட்டினார். நெய்யும்போது தலையைத் தூக்கினால் அவர் கண்ணில் படுகிற இடம் அது. அவருக்கு என்னைப் படிக்க வைக்க மனமில்லை என்று உங்களில் யாராவது நினைத்திருந்தால் அந்தப் பையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரும் வீட்டுக்கு வந்தார். "இந்த மார்க்குக்குச் சீட்டு எங்கயும் போவாதுங்க, கவலையே வேணாம்" என்று நைனாவிடம் சொன்னார். டீச்சர் சொன்னது வாழ்த்து. நைனா எடுத்துக்கொண்டது உத்தரவாதம்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பாவு முடிந்து கடைசிச் சேலையை அறுத்தார். திங்கட்கிழமை புதுப் பாவு வந்தது. கல்யாணச் சேலைக்கான பாவு, அரக்குச் சிவப்பு. செவ்வாய் காலையில் பிணைக்க உட்கார வேண்டும், புதன் சாயங்காலம்தான் முடியும். நான் கணக்கில் பரிசு வாங்கினவள். எனக்கு இது புரியாமலா இருக்கும்?

"நைனா, புதன்கெழம காலேஜ்ல சேரணும். இந்தப் பாவை அத்தைய பிணைக்கச் சொல்லு."

"அத்த கை உன் கை ஆவுமா? கல்யாணப் பாவும்மா. அறுந்துகினே கெடக்கும்."

"தேதி புதன் நைனா."

அவர் சிரித்தார். மொபெட் தெருமுனை திரும்பியதும் சிரிக்கிற அதே சிரிப்பு. "தேதி புதன்னா அடுத்த புதன் வரிக்கும் கீதுமா. எனக்குத் தெரியாததா? பாவை ஏத்தி ஒரு கெஜம் ஓட்டிப் பாத்துடலாம். அப்பால ஜம்முனு போலாம், நானே வந்து சேத்துட்டு வரேன்."

"அவங்க முதலாளி இல்ல நைனா."

"எல்லாருக்கும் மேல ஒரு முதலாளி கீறான்மா" என்றார். அம்மா நூல் சுற்றிக்கொண்டே, "அதான் கூட்டிகினு போறேன்னு சொல்றாரே, இன்னா அவசரம் உனுக்கு?" என்றாள். அத்தையும் தன் பங்குக்கு, "காலேஜ் போனா விரல் மரத்துப் போவும்டி, பேனா புடிக்கிற கை வேற, இழை புடிக்கிற கை வேற" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், சாப்பிடாமல் படுத்திருப்பேன். எல்லோரும் போகலாம் போகலாம் என்றே சொன்னார்கள். போகலாம் என்று சொல்லிச் சொல்லியே என்னைத் தறிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

செவ்வாய் காலை உட்கார்ந்தேன். சிவப்பு இழை கண்ணைக் குத்தும். சற்று நேரத்தில் சுவரைப் பார்த்தால் சுவர் பச்சையாகத் தெரியும். மத்தியானம் சிநேகிதி வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை, பக்கத்தில் அவள் அப்பா, தோளில் துண்டு, கால் நிறைய புழுதி. அவர்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ்தான். புதன் காலை பஸ் வராமல் போனால் என்ன செய்வது என்று செவ்வாயே கிளம்பிவிட்டார்கள். ஆரணியில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸில் வேலூர் போகத் திட்டம்.

"நீ இன்னும் குந்திகினு கீற? கெளம்பலையாடி?"

"நைனா கூட்டிகினு வருவாரு."

"எப்போ?"

நான் விரலில் திருநீறு தொட்டேன். இழையை முறுக்கினேன். அவள் அப்பா வாசலிலேயே நின்று, "தேதின்னா அன்னிக்கே போயிடணும்ங்க, பஸ்ஸு மாதிரி. போச்சுன்னா போச்சு" என்று நைனாவிடம் பணிவாகச் சொன்னார். நைனா அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். பிறகு எங்களிடம், "பாவம், பயந்த மனுசன்" என்றார். நாளுக்கு இரண்டு பஸ் ஓடுகிற ஊர்க்காரருக்குத் தெரிந்தது, பஸ் ஹாரனை ஜன்னலிலேயே கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியவில்லை.

செவ்வாய் சாயங்காலம் பாதி இழை முடிந்திருந்தது. விளக்கு வைத்தார்கள். சாப்பிட்டோம். அதைத் தாண்டிப் புதனுக்கு வருகிறேன்.

புதன்கிழமை முழுக்க நான் அந்தச் சந்தில் இருந்தேன். காலையில் வேலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மேல்பாதிதான் தெரிந்தது, உள்ளே இருப்பவர்கள் தெரியவில்லை. பதினொரு மணி பஸ் போனது. ஒரு மணி பஸ் போனது. ஒவ்வொரு முறையும், இப்போது இந்த இழையை விட்டுவிட்டு எழுந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். எழ வேண்டுமென்றால் பாவைத் தாண்டி வர வேண்டும். பிணைக்காத இழைகள் ஒரு பக்கம் தளர்ந்து தொங்கின. எழுந்தால் அத்தனையும் சிக்காகும். கால் மரத்துப்போய், குத்தி, பிறகு குத்துவதும் நின்றுபோனது. மூன்று மணி பஸ்ஸும் போன பிறகு ஒரு நிம்மதி வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. ஐந்து மணிக்குக் கடைசி இழையை முறுக்கினேன். நைனா வந்து பாவை மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூட அறவில்லை. "தங்கக் கை" என்றார்.

அடுத்த புதன்கிழமை போனோம். நைனா அதே ஆண்டு விழா வேட்டி. நான் நீலத் தாவணி. மெரூன் பையில் இரண்டு செட் துணி, ஒரு தட்டு, ஒரு டம்ளர், அம்மா கட்டிக்கொடுத்த எள்ளுருண்டை. பஸ்ஸில் நைனா ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தார். வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். ஹாஸ்டலில் என்ன சாப்பாடு போடுவார்கள், லீவுக்கு எப்போது வருவாய், வரும்போது ஒரு பாவாவது பிணைத்துக் கொடுத்துவிட்டுப் போ.

ஆபீஸில் ஒரு மேஜை, அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர். கடிதத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார்.

"போன புதன்கெழமையே முடிஞ்சிடுச்சிங்களே. இந்தச் சீட்டை வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்த பொண்ணுக்குக் குடுத்தாச்சு."

"சரிங்க" என்றார் நைனா, சிரித்தபடி. "மேல நாள் இருக்குமில்லிங்க?"

"மேல நாளா?"

"அதாங்க. நீங்க புதன்னு போடுவீங்க. ஆனா உள்ள ஒரு எட்டு நாள் வெச்சிருப்பீங்க இல்ல?"

அவர் நைனாவை ஏற இறங்கப் பார்த்தார். கேலியாக இல்லை, உண்மையாகவே புரியவில்லை. கடிதத்தை எங்கள் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தார். "இதோ பாருங்க, அன்னிக்கு வரலைன்னா சீட்டு கேன்சல்னு தெளிவா போட்டிருக்குதே. வீட்ல யாரும் படிக்கலையா?"

நைனா அந்த வரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு இழை முறுக்குகிற நேரம்தான். பிறகு அவரிடம் திரும்பி, "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. பொண்ணு சொல்லிச்சி. நான்தான் கேக்கல" என்றார்.

வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சிநேகிதி எங்கோ அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார், நான் வேண்டாம் என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் அவர்தான் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எள்ளுருண்டையை நான் ஒன்றொன்றாகத் தின்று முடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் நைனா நீங்கள் எல்லோரும் அறிந்த நைனாவாக மாறினார். தெருவில் எந்தப் பிள்ளைக்கு எந்தக் கடிதம் வந்தாலும் காலையில் போய் நிற்பார். "தேதி எப்போ? படிச்சிக் காட்டு. கடேசி வரிய படி, கடேசி வரிய." முந்தின நாளே பையைக் கட்ட வைப்பார். ஜல்தி ஜல்தி என்று வீடு வீடாக விரட்டுவார். உங்களில் இரண்டு பேருடைய பிள்ளைகளையும் போளூர் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறார், திட்டியிருக்கிறீர்கள். முதலாளி எட்டாம் தேதி என்றால் ஏழாம் தேதி சேலையைக் கொடுக்க ஆரம்பித்தார். முதலாளிக்குத் தலை சுற்றியது. "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாப்பா?" என்று மொபெட்டை விட்டு முதன்முதலாக இறங்கிவந்து கேட்டார்.

மறுவருடம் நைனாவே வேலூர் போய் அப்ளிகேஷன் வாங்கிவந்தார். நான் நிரப்பவில்லை. வேண்டாம் என்றேன். "கோவமாம்மா?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அப்ளிகேஷன் கொஞ்ச நாள் சாமி படத்துக்குப் பின்னால் இருந்து பழுப்பேறியது. மெரூன் பையில் அம்மா கழிவு நூலைப் போட்டுவைக்க ஆரம்பித்தாள். ஜிப் துருப்பிடித்து, ஒரு நாள் பழைய சாமான்காரனிடம் போனது.

நான் பிணைத்தேன். கல்யாணம் ஆகி இரண்டு தெரு தள்ளிப் போயும் பிணைத்தேன். விசைத்தறி வந்தபோது, இனி கைக்கு வேலை இல்லை என்றார்கள். விசைத்தறிக்கும் பாவு தீரும், பிணைக்க வேண்டும். இப்போது என்னோடு ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். ஷெட் ஷெட்டாகப் போகிறோம், ஆளுக்கு ஒரு போன், காலையில் எந்த ஷெட் என்று மெசேஜ் போட்டுவிடுவேன். தேசூரிலிருந்துகூடக் கூப்பிடுகிறார்கள். நல்ல வேலை. என் வேலை எனக்குப் பிடிக்கும், யாரும் அதற்காக என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம். படிக்காததால் என் வாழ்க்கை வீணாய்ப் போகவில்லை. என்னை இத்தனை வருடம் அடைத்துவைத்திருப்பது அது இல்லை, வேறு.

செவ்வாய் சாயங்காலத்தைத் தாண்டி வந்தேன் அல்லவா, அதற்குத் திரும்ப வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரம். சிநேகிதியும் அவள் அப்பாவும் போன பிறகு நைனா வெகுநேரம் வாசலில் நின்றிருந்தார். பிறகு சந்துக்குள் தலையை நீட்டி என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எம்மா, நீ படிச்ச பொண்ணு. அந்த ஆளு சொன்னதக் கேட்டு எனக்கு ஒரு மாதிரியா கீது. உண்மைய சொல்லு. அது நெஜத் தேதியா? நெஜம்னா சொல்லு, பாவு கெடக்குது, அப்பிடியே போட்டுட்டு நாளைக்கு மொத பஸ் ஏறிடலாம்."

கல்யாணப் பாவை, பாதி பிணைத்த பாவை, அப்படியே போட்டுவிடலாம் என்று எங்கள் தெருவில் ஒரு மனிதர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். கடிதத்தின் கடைசி வரி எனக்குத் தெரியும். முதல் நாளே படித்திருந்தேன். நைனாவுக்குத் தமிழில் சொன்னபோது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். எனக்குப் பயம். ஹாஸ்டலில் எல்லோரும் இங்கிலீஷ் பேசுவார்களாம். என் மேல் கஞ்சி வாடை அடிக்கும். இந்தச் சந்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. அங்கே போனால் நான் யாரோ ஒருத்தி. போகவும் ஆசை, பயமும் பயம். இரண்டில் ஒன்றை நானே வாய்விட்டுச் சொல்லாமல் எப்படியாவது தானாக நடந்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

"மேல நாள் இருக்கும் நைனா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. என் தலையை ஒரு முறை தொட்டுவிட்டு எழுந்து போனார்.

அவர் அதை மறந்துவிட்டார் என்றே நான் வெகுகாலம் நம்பினேன். இந்தக் கதையை அவர் ஊரெல்லாம் சொல்வார், தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு. அந்தச் சிநேகிதி தலைமை ஆசிரியை ஆனதும் ஸ்வீட் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்க வந்தாள். நைனாவுக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவளிடம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நான் காபியோடு கதவருகே நின்றேன்.

"செவ்வாக்கெழம காலைல பாவுல குந்திச்சி. முருங்கக்கீர சாம்பாரு. மத்தியானம் நீயும் உங்கப்பாவும் வந்தீங்க, உங்கப்பா மோர் குடிச்சாரு, பாதிய உனுக்குக் குடுத்தாரு. தேதி பஸ்ஸு மாதிரின்னாரு, மகராசன். நீங்க போனப்பால நான் வாசல்லயே நின்னுகினு இருந்தேன். அத்த வந்து உப்பு வாங்கிகினு போச்சு. வெளக்கு வெச்சோம்."

நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேலூர் ஆபீஸில் பார்த்த அதே பார்வை, அதே நேரம்தான்.

"அப்பால சாப்ட்டோம். மறுநாள் புதன். நான்தாம்மா முட்டாள்தனமா, மேல நாள் இருக்கும்னு நெனச்சிட்டேன்" என்று முடித்துவிட்டு என்னிடம் கையை நீட்டினார். "காபி ஆறிடப் போவுது, குடு."

கொடுத்தேன். கீரையிலிருந்து உப்பு வரை ஒன்றையும் மறக்காத மனிதர் அவர்.

நைனா போய் நான்கு வருடம் ஆகிறது. சொல்லியிருக்கலாம், அவர் காதில் விழும்படி ஒரே ஒரு முறை. ஒவ்வொரு வருடமும் மேலே நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.